சனிக்கிழமை ஒரு மணிச் சங்கு

அன்று எஞ்சின் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். எஞ்சினை ஓட்டிய பெலெகிரி ரொவீரா. அவருடைய மகன் மெதீர், அதே ஆலையில் நெசவாளி. மகள் ரமே, நூல் சுற்றும் பகுதியில் வேலை. பாய்லருக்குக் கரி அள்ளிப் போடும் தொமேவ். மேனேஜர் வால்ஸ். வால்ஸ் பார்சலோனாவிலிருந்து கூலிக்குக் கூட்டி வந்திருந்த லகம்ப்ரா. ஏழாவது ஆள் கிடையாது. தானும் ஜன்னல் வழியே பார்த்ததாகச் சொல்லித் திரிகிறவர்கள் ஆலை இருந்த தெர்ராசா ஊரில் இன்றும் இருக்கிறார்கள். அந்த அறைக்கு ஜன்னலே இல்லை.

1918, பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை.

அந்த எஞ்சின் மூன்று தலைமுறையாக ரொவீராக்களின் கையில் இருந்தது. காலையில் ஓட்டுவார்கள், மாலையில் நிறுத்துவார்கள். நடுவில் நிறுத்த ஒரே ஒரு காரணம்தான் அந்த வீட்டில் செல்லும். ரத்தம். தறிக்கூடத்தில் யாராவது பெல்ட்டிலோ பல்சக்கரத்திலோ மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் கயிற்றை இழுப்பார். எஞ்சின் அறையில் மணி அடிக்கும். ரொவீரா வால்வை மூடுவார். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு நிறுத்தச் சொல்லிக் கேட்டபோது பெலெகிரியின் தாத்தா நிறுத்தவில்லை. ஊரே கடையடைத்த வேலைநிறுத்தத்தின்போது கதவில் கல் விழுந்தது. பெலெகிரியின் அப்பா நிறுத்தவில்லை. அதனால் இரு தரப்பும் அவர்களைத் திட்டியது, இரு தரப்பும் அவர்களுக்குத் தொப்பியைக் கழற்றியது.

ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பெலெகிரி பாய்லர் பக்கத்துச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, அடியில் கிழமையை எழுதுவார். முப்பத்தோரு வருஷத்தில் இருபத்து மூன்று கோடுகள். அவற்றில் பத்தொன்பது சனிக்கிழமை. எல்லாமே மதியத்துக்கு மேல். கடைசிக் கோடு ரமேயுடையது. அன்று மணி அடித்தது, நிறுத்தினார், நாற்பது நிமிஷம் கழித்துச் சொன்னார்கள், ஓட்டினார். யாருக்கு அடி என்று கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இல்லை. வலது கையில் மூன்று விரல் போனது தன் மகளுக்கு என்பது ஆறு மணிச் சங்கு ஊதி வாசலுக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

முந்தைய வருஷக் குளிர்காலத்தில், யுத்தத்தால் இங்கிலாந்திலிருந்து கரிக்கப்பல் வரவில்லை. ஏழு வாரம் ஆலையைச் சனிக்கிழமை ஒரு மணிக்கே மூடினார்கள். முதலாளிக்கு நஷ்டமாகும் என்பதால் கூலியைக் குறைக்க நினைத்தார்கள். ஆனால் துணியை அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியிருந்தது. அரை நாள் ஓய்வெடுத்த கை வாரம் முழுக்க விரைவாக ஓடியது. அந்த ஏழு வாரத்தில் சுவரில் ஒரு கோடு விழவில்லை. கரி வந்ததும் சங்கு மறுபடி ஆறு மணிக்குப் போனது. அடுத்த சனிக்கிழமையே ஒரு கோடு.

அதைத்தான் நெசவாளிகள் கேட்டார்கள். சனிக்கிழமை ஒரு மணிக்குச் சங்கு, கூலியில் கை வைக்கக் கூடாது. "தாராளமாகப் போங்கள், போன மணிக்குக் கூலி கிடையாது" என்று வால்ஸ் எழுதி ஒட்டினார். சும்மா எழுந்து போகவும் வழியில்லை. பெல்ட் ஓடும்போது தறியை விட்டு நகர்ந்தால் பாவு நூல் அறும், அறுந்த பாவுக்கு நெசவாளி பொறுப்பு. சங்கு ஊதுமுன் வாசலைத் தாண்டினால் வேலை போகும். ஆகவே எண்ணூறு பேரின் அரை நாள், ஒரு மனிதர் கையிலிருந்த வால்வில் வந்து நின்றது.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் மெதீர் கேட்டுவிட்டான். மேஜைமேல் வெள்ளை மொச்சையும் வறுத்த தொத்திறைச்சியும் இருந்தன.

"நாளன்னைக்கு ஒரு மணிக்கு வால்வை மூடுங்கப்பா. அவ்வளவுதான் கேக்கறோம்."

"எதுக்கு?"

"வாரம் பூரா நின்ன காலு சனிக்கிழமை சாயங்காலம் தன்னால மடங்குது. கண்ணு சொருகுது. அப்பத்தான் கை உள்ள போவுது. உங்க சுவத்துலயே எழுதி வச்சிருக்கீங்க."

"எழுதினவன் நான். எனக்கே படிச்சுக் காட்டாதே."

"படிச்சவரு ஒண்ணும் செய்யலயே."

ரமே வலது முழங்கையால் ரொட்டியை மார்போடு அணைத்துப் பிடித்து, இடது கையால் அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எஞ்சின் எதுக்கு நிக்கும்னு உனக்குத் தெரியும்," என்றார் பெலெகிரி. "என் மகன் கேட்டான்னு இன்னைக்கு நிறுத்தினா, முதலாளி மகன் கேட்டான்னு நாளைக்கு நிறுத்தணும். ரொவீரா தன் வீட்டுக்காக நிறுத்தினான்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

"அப்ப நானே வந்து மூடறேன்."

"வா. முதல்ல என்னைத் தாண்டு."

இந்தப் பேச்சு வீட்டுச் சுவரைத் தாண்டியதோ, தொழிலாளர் சங்கத்திலேயே யாரோ வாய்விட்டார்களோ தெரியாது. சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு வால்ஸ் எஞ்சின் அறைக்கு வந்தார். கூடவே லகம்ப்ரா. கழுத்தில்லாத ஆள், கோட்டுப் பையில் கைத்துப்பாக்கி. வந்ததும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

பத்து நிமிஷத்தில் மெதீர் உள்ளே வந்தான். வால்வுக்கு நான்கு எட்டு இருக்கும்போது லகம்ப்ரா பின்னாலிருந்து அவன் முழங்கால் மடிப்பில் உதைத்து விழவைத்தான்.

"பொறு," என்றார் வால்ஸ். "ரத்தம் வரக் கூடாது. ஒரு சொட்டு விழுந்தாலும் பெரியவர் எஞ்சினை நிறுத்திடுவார். அவங்க குடும்ப வழக்கம். அப்படித்தானே, பெலெகிரி?"

"ஆமா," என்றார் பெலெகிரி. அந்த நேரத்திலும் அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது.

லகம்ப்ரா சிரித்தான். "நல்ல ஊருய்யா. அடிக்கறதுக்கும் ஒரு சட்டம் வச்சிருக்கீங்க." எண்ணெய் துடைக்கிற கழிவுப் பஞ்சை எடுத்து இரண்டு கைமுட்டியிலும் சுற்றிக்கொண்டான். கோட்டைக் கழற்றி மடித்துக் கரிப்பெட்டி மேல் வைத்தான். "சங்கத்துல உன்கூட இருக்கற பத்துப் பேரு யாருடா? பேரைச் சொல்லு, போயிடலாம்."

"உன் பேரைச் சொல்லு முதல்ல," என்றான் மெதீர். "செத்தா சிலுவையில எழுதணும்ல."

முதல் குத்து வயிற்றில் விழுந்தது. பிறகு விலாவில், ஒரே இடத்தில், தச்சன் ஆணி இறக்குவதுபோல. எஞ்சின் சத்தத்திலும் எலும்பு முறிந்தது தொமேவுக்குக் கேட்டது. மெதீர் சுருண்டான். லகம்ப்ரா அவனைத் தலைமுடியைப் பிடித்து உட்காரவைத்து, இடது கையை எடுத்து, சுண்டு விரலைப் பின்பக்கமாக மடக்கினான். அது காய்ந்த சுள்ளிபோல ஒடிந்தது. தோல் கிழியவில்லை. அடுத்த விரலைப் பிடித்தான்.

மெதீர் தன் உதட்டைக் கடிக்கப் பார்த்தான். அது எதற்கு என்று அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது. லகம்ப்ரா சட்டென்று அவன் வாயில் பஞ்சைத் திணித்தான்.

"கெட்டிக்காரன். பேசணும்னா கண்ணைச் சிமிட்டு."

மெதீர் சிமிட்டவில்லை. இரண்டாவது விரல் ஒடிந்தது.

பெலெகிரி வால்வின் அருகே நின்றார். பெருஞ்சக்கரம் சுழன்றது, பெல்ட்டுகள் சுவரைத் துளைத்துத் தறிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் கை ஒருமுறை வால்வை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. மகன் என்பதற்காக நிறுத்தினால், அடிபட்டது மகளா என்று கேட்காமலே நின்ற அந்த நாற்பது நிமிஷம் என்ன ஆவது? கையை இறக்கிக்கொண்டார். தொமேவ் அதைப் பார்த்து, தரையில் துப்பினார்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரமே வந்தாள். தம்பி திரும்பி வரவில்லை என்று தேடி வந்தவள். கதவருகே நின்று, தம்பியை, அவன் கையை, லகம்ப்ராவின் முட்டியில் சுற்றியிருந்த பஞ்சை வரிசையாகப் பார்த்தாள். அழவில்லை.

"இங்க உனக்கு வேலை இல்லம்மா," என்றார் வால்ஸ்.

அவள் அவரைத் தாண்டி அப்பாவிடம் போனாள்.

"நல்லாப் பாத்தீங்களாப்பா? ஒரு சொட்டு ரத்தம் இல்ல."

"பாத்தேன்."

"எவ்வளவு சுத்தமா அடிக்கறான் பாருங்க. இது யாரு சொல்லிக்கொடுத்தது அவனுக்கு? உங்க தாத்தா சொல்லிக்கொடுத்தது. நீங்க சொல்லிக்கொடுத்தது. நம்ம வீட்டு வழக்கத்தை எடுத்துத்தான் அவன் கையில சுத்தியிருக்கான்."

பெலெகிரி மகளைப் பார்த்தார். பிறகு அந்தப் பஞ்சைப் பார்த்தார். அது அவருடைய பெட்டியிலிருந்து எடுத்த பஞ்சு. அவர் எஞ்சினைத் துடைக்கிற பஞ்சு.

"உங்க தாத்தா அந்த வழக்கத்தை யாருக்காக வச்சாரு?" என்றாள் ரமே. "அடிபடறவங்களுக்காகவா, அடிக்கறவனுக்காகவா?"

"போதும்மா," என்றார் வால்ஸ். "லகம்ப்ரா, மூணாவது விரல்."

சுவரில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே பெரிய ஸ்பேனர் தொங்கியது. தாத்தா காலத்துச் சாமான், ஒரு கை நீளம், பிடியில் ரொவீரா என்று வெட்டியிருக்கும். வாரா வாரம் எண்ணெய் போட்டுத் துடைப்பதைத் தவிர பெலெகிரி அதை வேறு எதற்கும் எடுத்ததில்லை. இப்போது எடுத்தார். அவசரப்படவில்லை. லகம்ப்ரா அவர் வருவதைப் பார்த்தான். பெரியவர் வழக்கத்தை மீற மாட்டார் என்று சற்று முன்தான் கேட்டிருந்ததால் எழுந்திருக்கவில்லை.

"என்ன பெரியவரே, பாக்க வந்தீங்களா?"

ஸ்பேனர் புருவத்துக்கு மேலே இறங்கியது. நெற்றி பிளந்தது. ரத்தம் அவன் கண்ணை மூடி, மூக்கின் இரு பக்கமும் இறங்கி, முட்டியில் சுற்றியிருந்த வெள்ளைப் பஞ்சில் கொட்டியது.

வால்ஸ் கரிப்பெட்டி மேலிருந்த கோட்டை நோக்கிப் பாய்ந்தார். பைக்குள் கை போய்விட்டது. அதற்குள் தொமேவ் பாய்லரிலிருந்து கரி அள்ளும் அகலக் கரண்டி நிறையச் சிவந்த கரியை அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டார்.

"சென்யோர், கை வெளிய வரும்போது காலியா வரணும். எனக்குக் கை நடுங்கற வியாதி உண்டு."

வால்ஸின் கை காலியாக வெளியே வந்தது. அவர் போட்டிருந்த மேல்கோட்டின் ஓரம் கருகிப் புகைந்தது.

பெலெகிரி லகம்ப்ராவின் நெற்றியில் வழிந்ததை ஒரு விரலால் தொட்டு, அதை மேனேஜரிடம் காட்டினார்.

"ரத்தம்," என்றார்.

வால்வை மூடினார். பெருஞ்சக்கரம் தளர்ந்து, தள்ளாடி, நின்றது. சுவருக்கு அப்பால் முந்நூறு தறிகளின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. பிறகு சங்குக் கம்பியை இழுத்து, சாயங்காலம் ஊதுவதுபோலவே முழு நீளத்துக்கு ஊதினார். ஒரு மணி, இரண்டு நிமிஷம். எண்ணூறு பேர் வெளியே வந்தார்கள். வெயில் இருக்கும்போதே சனிக்கிழமை வாசலைத் தாண்டியது கரிப்பஞ்ச காலத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. சுவரில் கோடு இழுக்கப் பெலெகிரி சுண்ணக்கட்டியை எடுத்தார். ரமே அதை வாங்கி, மிச்சமிருந்த இரண்டு விரலில் பிடித்து, கோட்டை அவளே இழுத்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் அதற்கடுத்ததும் ஒரு மணிக்கு எண்ணூறு பேரும் எழுந்துவிட்டார்கள். அறுந்த பாவு அறுந்தபடி கிடந்தது. பிரெஞ்சு ராணுவத்துக்குப் போகவேண்டிய கம்பளிக்குக் கெடு நெருங்கியது. ஆறாவது வாரம் முதலாளி கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை ஒரு மணி, முழுக் கூலி. பெலெகிரிக்குப் பிறகு தொமேவ் எஞ்சின் ஓட்டிய ஐந்து வருஷத்தில் சுவரில் விழுந்தவை இரண்டே கோடுகள், இரண்டும் செவ்வாய்க்கிழமை.

லகம்ப்ரா மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்தான். பெலெகிரி ரொவீராவுக்கு ஒன்பது வருஷம். நான்காவது வருஷம் சிறையிலேயே இறந்தார். தொமேவ் கோர்ட்டில், ஒரே அடிதான், அதுவும் மகனைக் காப்பாற்ற விழுந்த அடி என்று சாட்சி சொன்னார். கடைத்தெருவில் வேறு பேசுகிறார்கள். அடித்தவன் மெதீர், மகனுக்காக அப்பா பழியைச் சுமந்தார் என்று.

மெதீர் அடிக்கவில்லை. அப்போது அவனால் கையைத் தூக்கவே முடியாது. அடித்தவர் பெலெகிரி ரொவீரா. இரண்டு அடி. இரண்டாவது பிடரியில் விழுந்தது, வால்வை மூடிச் சங்கு ஊதிய பிறகு. வழக்கத்துக்கு முதல் அடியே போதுமானதாக இருந்தது.