அண்ணியின் நாற்றுகள்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தாலும் வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் அவன் 'லேபிள்'தான். இருபத்தேழு வருஷமாக ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. எந்தப் புட்டியைக் கையில் எடுத்தாலும் அதன் வயிற்றில் ஒரு சீட்டு ஒட்டாமல் கீழே வைக்கமாட்டான். வீட்டிலும் அதே கதை. உப்பு டப்பாவில் 'உப்பு', சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை'. "விட்டா என் நெத்தியில 'மனைவி'ன்னு ஒட்டிடுவாரு" என்று அவன் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள். வலது பக்கம் அவனும் மனைவியும். இடது பக்கம் அண்ணி. அண்ணன் போய் நாலு வருஷம் ஆகிறது. பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக, நடுவில் வேலியில்லாத ஒரே தோட்டம். குளிர் விட்டு வெயில் கொஞ்சம் முகம் காட்ட ஆரம்பித்தால் போதும், இரண்டு வீட்டுக் கதவும் திறந்துகொள்ளும். காய்ந்த சருகை வாருவது, பட்ட கிளைகளை வெட்டுவது, எருக்குழியைக் கிளறுவது, துருப்பிடித்த மண்வெட்டிக்கு எண்ணெய் போடுவது, நடைபாதைக் கல் இடுக்கில் முளைத்த களையை ஒழிப்பது எல்லாம் லேபிளின் பொறுப்பு. விதை, நாற்று, நடவு அண்ணியின் பொறுப்பு. குளிர்காலம் முழுக்க அவள் சமையலறை ஜன்னலோரம் நாற்றுத் தட்டுகள் வரிசையாக இருக்கும். தக்காளி, மிளகாய், கத்தரி. அந்த வருஷம் பதினோரு தட்டு.

ஒரு சனிக்கிழமை அவன் களைக்கு மருந்து அடித்தான். விஷத்துக்குச் சிவப்பு ஸ்பிரேயர், தண்ணீருக்குப் பச்சை ஸ்பிரேயர் என்று அவனே வகுத்த சட்டம் ஒன்று உண்டு. சிவப்பின் மூக்கு குளிரில் வெடித்துப் போயிருந்தது. கடைக்குப் போய் வர அலுப்பு. இந்த ஒரு தடவைதானே, அடித்துவிட்டு நன்றாக அலசி வைத்தால் போயிற்று என்று பச்சையில் களைக்கொல்லியைக் கலந்தான். கல் இடுக்கெல்லாம் அடித்து முடித்த நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். குளிர்பதனப் பெட்டி நின்றுவிட்டது, உள்ளே தடுப்பூசி இருக்கிறது, உடனே வா என்றார்கள். பச்சை ஸ்பிரேயரை ஆணியில் மாட்டிவிட்டு ஓடினான். திரும்பி வந்தபோது அதை மறந்திருந்தான்.

திங்கட்கிழமை அவனுக்கு விடுமுறை. அண்ணி கண் பரிசோதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாற்றுகள் வெளிக்காற்றுக்குப் பழகட்டும் என்று பதினோரு தட்டையும் வெயிலில் எடுத்து வைத்திருந்தாள்.

"தம்பி, மதியம் வெயில் ஏறினா இதுங்க மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சு விடேன். ஊத்திடாதே, தெளிக்கணும்."

"நீங்க போயிட்டு வாங்க அண்ணி. நான் பார்த்துக்கறேன்."

மதியம் பச்சை ஸ்பிரேயரை எடுத்தான். அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கிடந்தது. மேலே நிரப்பி, தட்டுத் தட்டாக, இலை இலையாகத் தெளித்தான். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு இலை பாக்கி இல்லை.

சாயங்காலம் அண்ணி வந்ததும் தட்டுகளை உள்ளே தூக்கினாள். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் சமையலறைக் கதவு மூடி மூடி இடித்தது. அவன்தான் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டான். கடைசித் தட்டு உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றான்.

வியாழக்கிழமை காலை அண்ணியின் குரல் கேட்டு வெளியே வந்தான். தட்டுகளைச் சுற்றி அண்ணியும், முந்தின நாள் ஊரிலிருந்து வந்திருந்த அவள் மகளும் நின்றார்கள். நாற்றுகளின் தண்டு துணியைப் பிழிந்தது போல முறுக்கியிருந்தது. இலைகள் கைக்குழந்தை விரலை மடக்கியது போல உள்ளே சுருண்டு வெளுத்திருந்தன. ஒன்று மிச்சமில்லை.

லேபிள் நேராகச் சாமான் அறைக்குப் போய்ப் பச்சை ஸ்பிரேயரின் மூடியைத் திறந்து முகர்ந்தான். அந்த வாடை. சந்தேகத்துக்கு இடமே இல்லை. வீடு முழுக்கச் சீட்டு ஒட்டுகிறவன், அதில் மட்டும் ஒன்றும் ஒட்டவில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வெளியே வந்தான். அது சத்தியம். வாய் திறப்பதற்குள் மகள் பேசிவிட்டாள்.

"ராத்திரி வெளியிலயே விட்டுட்டியாம்மா?"

"இல்லடி. உள்ள எடுத்து வச்சேனே."

"எந்த ராத்திரி? நல்லா யோசிச்சுச் சொல்லு. அடுப்பையும்தான் அணைச்சேன்னு சொன்னே."

அடுப்பு விஷயம் எல்லாருக்கும் தெரியும். குளிர்காலத்தில் ஒரு நாள் பாலை வைத்துவிட்டு அண்ணி தூங்கிவிட்டாள். பாத்திரம் கரியாகி, அடுத்த தெரு வரைக்கும் வாடை. பிறகு ஒரு தடவை சாவிக்கொத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தாள். அதிலிருந்து மகளுக்கு அம்மா ஒரு டம்ளரைத் தேடினாலும் பயம்தான்.

அண்ணி அவன் பக்கம் திரும்பினாள். "திங்கக்கிழமை நான் உள்ள எடுத்து வச்சேன்ல தம்பி? நீ பார்த்தியா?"

மூன்று பேரும் அவனையே பார்த்தார்கள். அவன் மனைவியும் அந்நேரம் ஈரக் கையோடு வெளியே வந்திருந்தாள். மருந்து விஷயத்தில் தவறே செய்யாதவன் என்று ஊரே சொல்கிற ஆள். அவன் நாக்கு தானாகப் புரண்டது.

"தெரியலையே அண்ணி. நான் கவனிக்கல." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "குளிர் அடிச்ச மாதிரிதான் இருக்கு. இவ்வளவு சீக்கிரம் வெளிய வைக்கக் கூடாது, நான் அப்பவே நினைச்சேன்."

அண்ணி தட்டுகளைப் பார்த்தாள். "அப்போ விட்டுட்டேன் போல" என்றாள் மெல்ல.

அவனுக்குக் காது மடல் வரை சுட்டது. யாரும் கவனிக்கவில்லை.

அன்றைக்கே பச்சை ஸ்பிரேயரை ஏழு தடவை சோப்புப் போட்டுக் கழுவினான். கழுவி முடித்தும் அதைப் பார்க்க முடியவில்லை. மிதித்து உடைத்துக் குப்பையில் போட்டான்.

"நல்லா இருந்ததை ஏன் போட்டீங்க?" என்றாள் மனைவி.

"ஒழுகுச்சு."

ஒரு பொய் தனியாக வாழாது, துணை தேடும். அந்த வாரம் எல்லாவற்றையும் அவன் செய்தான். காலித் தொட்டிகளை வெந்நீரில் தேய்த்துக் கவிழ்த்தான், எருக்குழியை அடியோடு புரட்டினான், கத்திரிக்கோலைச் சாணை பிடித்தான். இத்தனை நாள் தள்ளிப்போட்ட மழைநீர்க் குழாயின் சேற்றைக் கூடக் கையை விட்டு அள்ளினான். "என்ன இந்த வருஷம் பேய் பிடிச்ச மாதிரி வேலை செய்யறீங்க" என்றாள் மனைவி. பேய் இல்லை. சும்மா இருந்தால் அண்ணி வீட்டு ஜன்னல் கண்ணில் பட்டது. அந்த ஜன்னலோரம் காலியாக இருந்தது.

நாற்றுப் பண்ணைக்குப் போய் நல்ல தக்காளி நாற்றாகப் பார்த்து இருபது வாங்கி வந்து அண்ணியிடம் நீட்டினான். மேஜையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது. அண்ணியின் உருண்டையான கையெழுத்து. 'காலை 8.10 அடுப்பு அணைத்தேன். 8.12 மறுபடி பார்த்தேன். அணைந்திருக்கிறது. 9 மணி பின் கதவு பூட்டினேன்.' பக்கம் பக்கமாக அப்படியே.

"நீயே வச்சுக்கோ தம்பி" என்றாள், நாற்றைத் தொடாமல். "என் கையில கொடுத்தா இதையும் மறந்து கொன்னுடுவேன்."

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணி."

"வேற எப்படிச் சொல்ல? செடி போனாப் போகுது. என்ன நடந்துச்சுன்னே எனக்குத் தெரியலையே, அதுதான் பயமா இருக்கு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு யாரும் இல்லை. 'மருந்து அடிச்சது நான்தான்' என்று சொல்லிவிடலாம். ஆனால் அதன் பின்னாலேயே இன்னொன்று வரும். கதவைப் பிடித்தவன் நான், கண்ணால் பார்த்தவன் நான். கை தவறியதை ஒப்புக்கொள்ளலாம். வாய் தவறவில்லையே, அது தெரிந்தேதானே சொன்னது? "தண்ணி ஊத்தி வைக்கறேன்" என்று முணுமுணுத்துவிட்டு நாற்றோடு திரும்பிவிட்டான்.

மகள் விடவில்லை. அவன் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே ஞாபகமறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் நேரம் வாங்கினாள். "சித்தப்பா, நீங்களும் கூட வாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர்தானே" என்றாள். வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போவதாக அவள் ஏற்கனவே முடிவு செய்திருந்தாள். டாக்டரின் ஒரு வார்த்தைதான் பாக்கி.

டாக்டர் இளம்பெண். லேபிளை எப்போதும் 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். மருந்துச் சீட்டில் அவள் செய்த ஒரு பிழையை அவன் இரண்டு வருஷத்துக்கு முன் யாருக்கும் தெரியாமல் திருத்திக் கொடுத்திருந்தான். அந்த மரியாதை இன்னும் அவள் கண்ணில் இருந்தது. அண்ணியிடம் கடிகாரம் வரையச் சொன்னாள், ஐந்து சொற்களைச் சொல்லிக் கொஞ்சம் கழித்துத் திரும்பக் கேட்டாள். அண்ணி நான்கு சொன்னாள். பிறகு மகளிடம், "வீட்ல என்னென்ன நடந்துச்சு?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

"அடுப்பு ஒண்ணு. சாவி ஒண்ணு. அதுகூடப் பரவாயில்ல டாக்டர். அம்மா உயிரா வளர்த்த நாத்து, அதை ராத்திரி முழுக்க வெளிய விட்டு எல்லாம் செத்துப் போச்சு. விட்டதே ஞாபகம் இல்ல."

டாக்டர் எழுதிக்கொண்டே, "நீங்க பக்கத்துலயே இருக்கீங்களே சார், நீங்க என்ன கவனிச்சீங்க?" என்றாள்.

அண்ணி மடியில் அந்த நோட்டுப் புத்தகம் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், பரீட்சை எழுத வந்த பிள்ளை போல. லேபிளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அதை எழுதாதீங்க டாக்டர்" என்றான். குரல் யாருடையதோ போல இருந்தது. "நாத்தை நான்தான் கொன்னேன். களைக்கொல்லி இருந்த ஸ்பிரேயரைக் கழுவாம அதுலயே தெளிச்சுட்டேன். அண்ணி எதையும் மறக்கல. எல்லாத் தட்டையும் உள்ளதான் எடுத்து வச்சாங்க. நான்தான் கதவைப் பிடிச்சேன். பார்த்துட்டுத்தான் பார்க்கலன்னு சொன்னேன்."

டாக்டரின் பேனா நின்றது. அவள் நிமிரவில்லை. காகிதத்தைப் பார்த்தபடியே இருந்தாள். அவனுக்காக அவள் வெட்கப்படுகிறாள் என்று புரிந்தபோது, திட்டியிருந்தால் தேவலை என்று பட்டது.

மகள் திட்டினாள். "பத்து நாளா சித்தப்பா? பத்து நாளா எங்கம்மா அழுதுட்டு இருக்காங்க, நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி தோட்டத்துல குழாய் கழுவிட்டு இருந்தீங்களா?"

குழாய் கழுவியது உண்மைதான்.

டாக்டர் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிவிட்டு, வயசுக்கு ஏற்ற சின்னச் சின்ன மறதிதான், பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாசம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றாள். வீட்டை மாற்றுகிற பேச்சு அத்தோடு நின்றது.

மகள் காரை எடுக்கப் போனாள். தாழ்வாரத்தில் அண்ணியும் அவனும் மட்டும் நின்றார்கள். ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் "என்ன லேபிள், லீவா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

"என்னை மன்னிச்சிடுங்க அண்ணி."

அண்ணி கோபமில்லாமல், ஏதோ கணக்குப் புரிந்தவள் போலச் சொன்னாள்: "கதவைப் பிடிச்சது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. உன் சட்டைக் கையில பெயிண்ட் கறை கூட ஞாபகம் இருந்துச்சு. நீ பார்க்கலன்னதும், சரி, அது வேற நாளா இருக்கும்னு நினைச்சுட்டேன். என் ஞாபகத்தை விட உன் வார்த்தையைத்தான் நம்பினேன்."

காரில் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பருவம் தோட்டம் வெறுமையாகப் போகவில்லை. அண்ணி நாற்றுக்குக் காத்திராமல் அவரை விதையை நேரே மண்ணில் ஊன்றினாள். முளைத்தது, பந்தலேறியது. பறித்த காயில் பாதியை எப்போதும் போல இந்த வீட்டுக்கு அனுப்பினாள். அவன் மனைவியோடு வாசலில் நின்று சிரித்துப் பேசினாள். தோட்டத்தில் யாரும் விஷம் அடிக்கக் கூடாது என்று மட்டும் அவளிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். அதனால் லேபிள் சனிக்கிழமைதோறும் சாக்கை விரித்து மண்டியிட்டு, பழைய கத்தியால் கல் இடுக்குக் களையை ஒவ்வொன்றாகக் கிளறி எடுக்கிறான். வேரோடு வராவிட்டால் மறுவாரம் அதே இடத்தில் நிற்கும்.

அவன் அரைக்கால் சட்டைப் பையனாக இருந்தபோது இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அண்ணி. அவன் தலை நரைத்த பிறகும் 'நீ', 'வா', 'போ'தான். ஒரு சனிக்கிழமை அவள் துணி உலர்த்த வந்தாள். அவனைத் தாண்டிப் போனவள் நின்றாள். அவன் கத்தியோடு நிமிர்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் அவனிடம் நேராகப் பேசுவது அதுதான் முதல் தடவை.

"அந்த ஓரத்துல ஒண்ணை விட்டுட்டீங்க" என்றாள் அண்ணி. "அதையும் எடுத்துடுங்க."

"சரிங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு, முகத்தை மண்ணுக்கு நேராகக் குனிந்துகொண்டான்.