பாய்லர்காரர் மகள்

வாக்குப்பதிவுக்கு இன்னும் பத்தே நாள். கட்சி அலுவலகத்தில் மேஜை, ஜன்னல் திட்டு, பழைய குளிர்சாதனப் பெட்டி என்று பாக்கியில்லாமல் துண்டுப் பிரசுரக் கட்டுகள் ஏறி உட்கார்ந்திருந்தன. செயலாளர் ஒரு கட்டைப் பிரித்து, மேலிருந்த தாளை வேட்பாளரான அவளிடம் நீட்டினார்.

"படிச்சுப் பாருங்கம்மா. கல்லும் கரைஞ்சிடும்."

இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்துவிட்டு, முதல் தடவையாக நாடாளுமன்றத்துக்கு நிற்கிறாள். பிரசுரத்தில் அவள் வாழ்க்கை பதினைந்து வரியில் முடிந்துவிட்டது. முதல் வரி, 'பதின்மூன்று வயதில் காகித ஆலை பாய்லர் வெடித்துத் தந்தையைப் பறிகொடுத்தவர்.' பிறகு அதே ஆலையில் தரம் பார்க்கும் வேலை, தொழிற்சங்கம், சட்டமன்றம். கடைசியில் அவள் கொடுக்கும் வாக்கு: பாய்லரைச் சோதிக்க வருகிறவருக்கு ஆலை சம்பளம் கொடுக்கக் கூடாது. ஆபத்து என்று கண்டால் எந்தத் தொழிலாளியும் இயந்திரத்தை நிறுத்தலாம், அதற்காக அவன் வேலை போகக் கூடாது. இந்த இரண்டுக்கும் சட்டமன்றத்தில் எட்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். இது நாடாளுமன்றம் போட வேண்டிய சட்டம் என்று ஒவ்வொரு தடவையும் கைகழுவிவிட்டார்கள். அப்படியானால் அங்கேயே போய்க் கேட்கிறேன் என்றுதான் இப்போது நிற்கிறாள்.

"முதல் வரியை எடுத்துடலாமே," என்றாள்.

"அதுதாம்மா உயிரே!"

அவள் மேற்கொண்டு பேசுவதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது கேன்டீன் அத்தை. ஆலை கேன்டீனில் முப்பது வருஷம் பாத்திரம் கழுவியவள். ஆலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் அத்தை. அவளுடைய ஒரே மகன், பத்தொன்பது வயதுப் பையன், பாய்லர் வெடித்த அன்று அதற்கு அடுத்த அறையில் இருந்தான்.

அத்தை உட்காரவில்லை. கையில் அதே பிரசுரம்.

"பறிகொடுத்தேன்னு போட்டிருக்கே. பறிச்சது யாருன்னு போடலையேம்மா?"

சுவரில் மாட்டிய தெரு வரைபடத்தில் குறி போட்டுக்கொண்டிருந்த அவள் தம்பி திரும்பிப் பார்த்தான்.

"வால்வைக் கட்டி வெச்சது உங்கப்பன். விசாரணைக் காகிதத்துல எழுதியிருக்கு, செத்தவங்க வீட்டுக்கு மட்டும் காட்டினாங்க. ஏழு பேர் செத்தாங்க. உங்கப்பனையும் சேர்த்து ஏழு. இதை வெச்சா ஓட்டுக் கேக்கறே? இன்னைக்கு நாலு மணிக்கு மில் கேட்டுல கூட்டம் போடறியாமே. அங்க வந்து கேக்கறேன். பதில் வெச்சிரு."

வந்த வேகத்திலேயே இறங்கிப் போய்விட்டாள். செயலாளருக்கு முகம் வெளிறிப்போனது.

"நிஜமாம்மா? எதிராளி காதுல விழுந்தா நம்மளை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடுவான். ஒண்ணு பண்ணுங்க, உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு கூட்டத்தைத் தள்ளி வெச்சிடறேன். இல்லேன்னா அந்தம்மாவைக் கார்ல ஏத்தி, யாராவது சொந்தக்காரங்க வீட்டுல ரெண்டு நாள்..."

"அவங்களை யாரும் தொடக் கூடாது," என்றாள். "கூட்டம் நடக்கும்."

தம்பி மறுபடி வரைபடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்பா போனபோது அவன் இரண்டு வயதுக் குழந்தை. அப்பா நல்லவர், விபத்தில் போய்விட்டார் என்று சொல்லித்தான் அம்மா அவனை வளர்த்தாள். அம்மா கண்மூடிய பிறகும் அக்கா அந்தக் கதையை மாற்றவில்லை.

மூன்றரைக்கு அக்காவும் தம்பியும் கிளம்பினார்கள். தம்பிதான் கார் ஓட்டினான். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, முன்னாலிருந்த லாரியைப் பார்த்தபடியே கேட்டான்.

"அத்தை சொன்னது பொய்தானே?"

"இல்லடா."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன். மத்தியானம் சாப்பாடு எடுத்துட்டுப் போனேன். மாத்துக்கு ஆள் வரலைன்னு அப்பா ரெண்டாவது ஷிப்டும் நின்னுட்டிருந்தாரு. கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. ஆவி கூடினா தானா திறந்துக்கிற வால்வைக் கம்பியால இறுக்கிக் கட்டியிருந்தாரு. 'ஏம்ப்பா'ன்னு கேட்டேன். 'இது திறந்து திறந்து மிஷின் நிக்குது, இன்னைக்குச் சரக்கு போயாகணும்னு சூப்பர்வைசர் குதிக்கிறாரு. நீ நிக்காத, வீட்டுக்கு ஓடு'ன்னாரு. ஓடினேன். தெருமுனை தாண்டல, வெடிச்சது."

"சூப்பர்வைசர் சொன்னதை விசாரணையில சொல்ல வேண்டியதுதானே?"

"அம்மா என் வாயைப் பொத்திட்டா. மில் கொடுத்த வீட்டுல இருந்தோம். பேசினா அந்த வாரமே தெருவுலதான்னு பயந்தா. பழி மொத்தமும் அப்பா தலையில விழுந்துச்சு."

ரயில் தடதடவென்று கடந்து போனது. கேட் திறந்தும் அவன் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின.

"முப்பத்தோரு வருஷம்க்கா," என்றான். "என்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையா?"

ஆலை வாசலில் அவளை இறக்கிவிட்டு, சாவியை அங்கே காத்திருந்த செயலாளர் கையில் திணித்துவிட்டு நடந்து போய்விட்டான். கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நாலு மணிச் சங்கு ஊதியதும் ஷிப்ட் முடிந்தவர்கள் டிபன் பையோடு வெளியே வந்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நானூறு பேர் இருக்கும். அத்தை முன்வரிசையில் கைகட்டி நின்றாள். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கேள்வியை நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன் அத்தை," என்று ஆரம்பித்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா கட்டிய கம்பி, இரண்டு ஷிப்ட் சேர்ந்த வேலை, சூப்பர்வைசரின் உத்தரவு, தான் மூடிக்கொண்ட வாய்.

அத்தை ஓரடி முன்னால் வந்தாள். "வெளிய ஓடி வந்தியே, வழியில என் பையன் நின்னானா?"

"நின்னான். அடுத்த ரூம் கதவோரமா. என்னைப் பார்த்துச் சிரிச்சான்."

"வால்வு கட்டியிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

செயலாளர் பின்னாலிருந்து அவள் முந்தானையை இழுத்தார். அவள் மென்று விழுங்கவில்லை.

"வெளிய வந்திருப்பான், அத்தை. அப்ப எனக்கு அது தோணல. அப்பா ஓடுன்னாரு, ஓடினேன்."

அத்தை அழவில்லை, திட்டவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். பின்னாலிருந்து யாரோ, "கொலைகாரன் மகளுக்கு ஓட்டா?" என்று கத்தினான். இன்னொருவன், "அந்தச் சூப்பர்வைசரைப் பிடிச்சுக் கேளுடா!" என்று அவன் சட்டையைப் பிடித்தான். கைகலப்பாகி, கூட்டம் பாதியிலேயே கலைந்தது.

மறுநாள் ஊர்ச் சுவரெல்லாம் எதிராளியின் சுவரொட்டி. கட்சித் தலைமையிலிருந்து தொலைபேசியில் கிழி கிழியென்று கிழித்தார்கள். அவள் முதல் வரியைத் திருத்தி, அப்பா செய்ததையும் அவருக்கு யார் சொன்னது என்பதையும் போட்டுப் புதுப் பிரசுரம் அடித்து, வீடு வீடாக ஏறி இறங்கினாள். சில கதவுகள் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டன. ஒரு வீட்டில் ஒரு பாய்லர்காரர் அவளை உட்காரவைத்து, தன் ஆலையிலும் வால்வைக் கட்டச் சொல்கிறார்கள் என்று மெல்லிய குரலில் சொன்னார். தம்பி வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

வென்றாள். எழுநூற்றுச் சொச்சம் ஓட்டில், தட்டுத் தடுமாறி. ஆலைக் குடியிருப்பு வாக்குச்சாவடியில் மட்டும் பாதிக்குப் பாதிகூடத் தேறவில்லை. முந்தைய இரண்டு தேர்தலிலும் அவளுக்கு ஓட்டை அள்ளிக் கொடுத்த சாவடி அது.

வாக்கு எண்ணும் மண்டபத்துக்கு வெளியே மாலையும் கையுமாக ஆட்கள் நெருக்கியடித்தார்கள். எதிர்ச் சாரியில், மூடியிருந்த ஒரு கடையின் படியில் தம்பி உட்கார்ந்திருந்தான். சாலையைக் கடந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஜெயிச்சுட்டியாமே," என்றான்.

"ம்."

"உன் மேல கோவம் தீரலக்கா."

"தீர வேண்டாம்."



"அத்தை வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். உள்ள கூப்பிடல. வாசல்லயே நிக்கவெச்சு, அந்தச் சூப்பர்வைசர் இன்னும் உயிரோடதான் இருக்கான், அவன் பேரைப் பெரிய சபையில சொல்றதுக்கு உங்கக்காவுக்குத் தைரியம் இருக்கான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"கேட்டுட்டு வரேன்னு சொன்னேன்."

மண்டப வாசலில் செயலாளர் அவள் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

"சொல்றேன்னு போய்ச் சொல்லு," என்றாள்.