உப்பைக் கழுவிய மழை

ராஜாராமனுக்குக் கத்தரியும் வெண்டையும் சாம்பாரில்தான் அறிமுகம். முப்பத்தாறு வருஷம் ரயில்வே சிக்னல் பிரிவில் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற மனிதர். செம்பாக்கத்தில் அவர்கள் இருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் நாற்பத்தாறு க்ரோ பேக் பைகளில் மண் நிரப்பித் தோட்டம் போட்டவள் அவருடைய மனைவி அபிதகுஜாம்பாள். அவருடைய பங்கு, காய் வந்தால் "பேஷ்" என்பது மட்டும்.

மாசி நடுவில் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று. வீடு தரைத்தளத்தில். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மாடிக்கு ஐம்பத்து நான்கு படி. ஆறு வாரத்துக்குப் படி ஏறுகிற பேச்சே கூடாது என்றுவிட்டார் டாக்டர். காலைப் பழக்க வீட்டுக்கு வந்த பிசியோதெரபிப் பெண் சுஜி முதல் வாரத்திலேயே சலித்துப் போனாள். முழங்காலை மடக்கச் சொன்னால் இவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். "இந்த வயசுல நடந்து எங்க போகப் போறேன்" என்பாள். இப்படியே விட்டால் கால் கட்டையாக இறுகிப் போகும் என்று சுஜி ராஜாராமனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

பிறகு சுஜிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். "மேல தோட்டம் இருக்காமே ஆன்ட்டி. சித்திரை ஒண்ணாந்தேதி நீங்களே ஏறிப் போய்ப் பாக்கணும். சரியா?"

அன்றைக்கு வழிக்கு வந்தவள்தான். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட மடக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டினாள். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்த ராஜாராமன் மலைத்துப் போனார். இத்தனை வைராக்கியத்தை இவள் இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று தோன்றியது.

"செடியெல்லாம் நன்னா இருக்கோன்னோ?" என்று தினமும் கேட்பாள்.

"ஜம்முனு இருக்கு அம்பு" என்பார். அப்போது அது உண்மைதான்.

பங்குனி பிறந்தது. பொங்கலுக்குப் பிறகு வானம் ஒரு சொட்டுக்கூடப் போடவில்லை. போர்வெல்லில் தண்ணீர் அடியாழத்துக்கு இறங்கிவிட்டது, தண்ணீர் லாரிக்கு எல்லாரும் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தார்கள். மாடிக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது என்று அசோசியேஷன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. நம்ம ஆள் சும்மா இருப்பாரா? ஒரு யோசனை உதித்தது. எட்டு வீட்டிலும் குடிதண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது, அது கழித்துத் தள்ளுகிற தண்ணீர் சாக்கடைக்குத்தானே போகிறது? வீட்டுக்கு ஒரு வாளி வைத்தார். மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கினார். காலையும் மாலையும் மூச்சிரைக்க வாளி சுமந்தார். வாட்ஸப்பில் கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தே நாளில் கத்தரி இலையின் ஓரம் கருகியது. அவரைப் பூ கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு வாளி சேர்த்து ஊற்றினார். பிறகு கீரை சுருண்டது, அவரைக்கொடி நின்ற நிலையிலேயே காய்ந்தது. மண்மேல் வெள்ளையாக என்னவோ படிந்தது. கீழே இறங்கி வந்தால் அவள் முழங்காலை மடக்கிக்கொண்டே முகத்தைப் பார்ப்பாள்.

"ஜம்முனு இருக்கு" என்றார். உண்மையைச் சொன்னால் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாளே என்ற பயம். பொய் சொன்ன அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பேபி அந்தக் கட்டடத்தின் படிக்கட்டைப் பெருக்குகிறவள். ஏரிக்கரை ஊர்க்காரி, வீட்டையொட்டி நாலு பாத்தி கீரை போட்டு விற்கிறவள். பங்குனி இருபது வாக்கில் ஒரு நாள் தொட்டி கழுவ மாடிக்கு வந்தவள் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா சார், செடியெல்லாம் கருவாடு மாரி காஞ்சிகினு கீது?"

"வெயில்தான் பேபி. தண்ணி நெறையத்தான் விடறேன்."

அவள் குனிந்து வெள்ளைப் படிவத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

"உப்பு சார். எந்தத் தண்ணி ஊத்துற நீ?"

சொன்னார். பேபி வாய்விட்டுச் சிரித்தாள், உடனே அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"மெசினு நல்ல தண்ணிய உங்க வவுத்துக்கு அனுப்பிட்டு உப்ப வெளிய தள்ளுது. அத்த எட்டு வூட்ல அள்ளியாந்து மாமி செடிக்கு ஊத்திகினு கீறியே சார்."

எட்டு வீட்டுக்கும் வாய் வலிக்க விளக்கிய விஷயம். தனக்கு மட்டும் விளங்கவில்லையே என்று அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இப்ப என்ன பண்றது?"

"நல்ல தண்ணி வுட்டுக் கழுவணும். குடிக்கவே லாரிக்கு அடிச்சிக்கிறாங்க. இனிமே மழதான்."

"பங்குனியில மழையா?"

"வந்தா வரும். வர்றப்ப நாம ரெடியா இருக்கணும். பைக்குக் கீழ ஓட்டையெல்லாம் அடைச்சிகினு கீது பாரு. இப்டியே மழ பெய்ஞ்சா தண்ணி உள்ளயே நின்னு மிச்ச வேரும் அழுகிப் பூடும்."

மூன்று நாள் காலை இரண்டு பேரும் வேலை செய்தார்கள். மேலே படிந்ததைச் சுரண்டி எறிந்தார்கள். கம்பியால் குத்திக் குத்தி ஓட்டையைத் திறந்தார்கள். பேபி ஒவ்வொரு தண்டிலும் நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பாள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர், பழுப்பாக இருந்தால் போனது. காய்ந்த குச்சி என்று அவர் கைகழுவிய கத்தரியில் அவள் பச்சையைக் காட்டினாள். பள்ளிக்கூட வாசல் மிதிக்காத அந்தக் கைக்கு இருக்கும் படிப்பு தன் டிப்ளமோவுக்கு இல்லை என்று ராஜாராமன் வெட்கமில்லாமல் ஒப்புக்கொண்டார், அவளிடம் சொல்லவும் செய்தார். "போ சார்" என்றாள் அவள். நாற்பத்தாறில் பதினேழு உயிரோடு இருந்தது.

பங்குனி இருபத்தாறாம் தேதி. காலையிலிருந்தே காற்று செத்துக் கிடந்தது. மூன்று மணிக்குத் தாம்பரம் பக்கம் கறுத்தது. ராஜாராமன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினார். பேபி ஏற்கனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் நாலு பெரிய துளி, சூடான சிமென்ட்டில் விழுந்து சுர்ரென்றது. பிறகு கொட்டியது பாருங்கள், கோடை மழை என்றால் அதுதான் மழை. பைகள் மடக் மடக்கென்று குடித்தன. கால் மணி நேரத்தில் அடி ஓட்டைகளிலிருந்து டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் வர ஆரம்பித்தது. முட்டி போட்டு உட்கார்ந்து அதை விரலில் எடுத்து நக்கிப் பார்த்தார். கடல் தண்ணீர் போலக் கரித்தது. அரை மணி கழித்து மறுபடி நக்கினார், கரிப்பு குறைந்திருந்தது. மழை விடுகிற நேரத்தில் வெறும் மண் ருசிதான் இருந்தது.

மூன்று வாரமாக அவர் சுமந்து வந்து சேர்த்த விஷத்தை ஒரு மணி நேரத்தில், வாளி இல்லாமல், விளக்கம் இல்லாமல் கழுவிவிட்டுப் போய்விட்டது அந்த மழை. ராஜாராமன் அழுதார். நனைந்து நின்றதால் பேபிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

இரண்டு மூன்று நாளில் குச்சிகளின் கணுவில் பச்சை முளைத்தது. கடுகளவு, பிறகு மிளகளவு. மழைத் தண்ணீர் பட்ட இலைக்கு வருகிற அந்தப் பச்சை எந்தக் குழாய்க்கும் வராது. அவர் நாளுக்குப் பத்துத் தடவை ஏறிப் போய்ப் பார்த்தார். ஆனாலும் இருபத்தொன்பது பை காலியாகத்தான் கிடந்தது.

சித்திரை முதல் நாள் காலையில் அபிதகுஜாம்பாள் படியில் கால் வைத்தாள். முன்னால் ராஜாராமன், பின்னால் சுஜி. ஒவ்வொரு படிக்கும் நின்று, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, உதட்டைக் கடித்து ஏறினாள். முப்பத்தாறாவது படியில் மூச்சு வாங்க நின்றபோது அவரால் அதற்கு மேல் முடியவில்லை.

"அம்பு, தோட்டம் போயிடுத்து. நான்தான் ஆர்.ஓ. தண்ணிய ஊத்திக் கொன்னேன். மழை வந்து பதினேழு பிழைச்சிருக்கு. அதுவும் மொட்டையா நிக்கறது. உங்கிட்ட தினம் பொய் சொன்னேன். வேண்டாம்னா இறங்கிடலாம்."

அவள் அவரையே பார்த்தாள். சுஜி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தள்ளுங்கோ" என்றாள் அபிதகுஜாம்பாள். மிச்சம் பதினெட்டுப் படியையும் ஏறினாள்.

மாடியில் நேராகப் பைகள் இருந்த இடத்துக்கு நடந்தாள். கத்தரிக் குச்சி ஒன்றின் பக்கத்தில் போய், முழங்கால் எவ்வளவு விட்டதோ அவ்வளவு குனிந்து, துளிரை விரல் நுனியால் தொட்டாள். காலிப் பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ராஜாராமன் தண்டனைக்குக் காத்திருப்பவர் போல நின்றார்.

"சுஜி, தினம் எத்தனை தடவை ஏறலாம்?"

"இன்னைக்குப் பாத்தாச்சு இல்ல ஆன்ட்டி. இனிமே அடுத்த வாரம் மெதுவா..."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு இங்க? எல்லாம் நன்னா இருந்திருந்தா ஒரு தடவை பாத்துட்டுத் திருப்தியாப் போய்ப் படுத்துண்டிருப்பேன். மழை பேஞ்ச ஈரம் காயறதுக்குள்ள இருபத்தொம்பது பையிலயும் வெண்டை போட்டாகணும்." அவள் கணவரிடம் திரும்பினாள். "விதையை ஊற வையுங்கோ. நாளைக்கு வெயில் ஏறறதுக்குள்ள நான் ஏறிடணும்."