பாலக்கரையில் தட்டினால்

பாலக்கரையில் கலீல் வீட்டுக் கதவை யார் தட்டினாலும், ஸ்ரீரங்கத்தில் சப்-இன்ஸ்பெக்டர் பூவரசன் வீட்டில் அது கேட்கும். அவர் வீடு இருந்த அம்மா மண்டபம் ரோட்டில் வேறு யார் காதுக்கும் அந்தச் சத்தம் எட்டியதில்லை. பூவரசனுக்கும் அவர் மனைவி மகாலட்சுமிக்கும் மட்டும் கேட்டது.

கலீல் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவர். முன்னறைதான் பட்டறை. வெளியூரில் குண்டு வைக்கத் திட்டமிட்டுப் பிடிபட்ட ஒருவன் அடிக்கடி பேசிய போன் நம்பர் என்று ஒன்று திருச்சிக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு, பூவரசன் தலைமையில் போன போலீசார் விடியற்காலையில் கலீல் வீட்டுக் கதவை உடைத்து நுழைந்தார்கள். கட்டிய கைலியோடு தெரு பார்க்க அவரை நடத்தி ஜீப்பில் ஏற்றினார்கள். நம்பரில் ஓர் எண் பிசகியிருந்தது சாயங்காலம் தெரிந்தது. பிசகாகக் குறித்துக்கொண்டவர் பூவரசன்தான். "அனுப்பிடுங்க" என்றார் மேலதிகாரி. அனுப்பினார்கள். வாசல்வரை போன கலீல் திரும்பி, "தட்டியிருந்தா திறந்திருப்பேனே சார்" என்றார். பூவரசன் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலீல் புதுக்கதவு மாட்டிய நாளிலிருந்து ஸ்ரீரங்கத்தில் சத்தம் தொடங்கியது. எழுந்துபோய்த் திறந்தால் வாசலில் ஆள் இருக்காது. ஒருநாள் பூவரசன் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது கதவு அதிர்கிற மாதிரி தட்டல் விழுந்தது. ஸ்டேஷனில் கான்ஸ்டபிள் பிச்சமுத்து, "காலைல கலீலைப் பாத்துட்டு வந்தேங்கய்யா. லத்தியால நாலு போட்டாத்தான் தொறக்கிறாங்க" என்றார். பூவரசனுக்கு அப்போது விளங்கிவிட்டது; மகாலட்சுமியிடமும் சொன்னார். தப்பு தெரிந்த பிறகும், சந்தேகப் பட்டியலில் பேர் இருந்ததால், போலீசார் மாதாமாதம் கலீலைப் போய்ப் பார்த்துவரும் வழக்கம் நிற்கவில்லை. அதைப் பூவரசனே எழுதிக்கொடுத்து நிறுத்தினார். அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

சத்தமே இல்லாமல் போனது. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த வாரம் மத நல்லிணக்கக் கூட்டத்தில், பிள்ளைகள் தீவிரவாதத்தின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது பற்றிப் பேசிவிட்டு, போலீசை உங்கள் நண்பனாக நினையுங்கள் என்று முடித்தார். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் மகாலட்சுமி சோற்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்த மாசம் ரிப்பேருக்குன்னுகூட அந்தக் கதவை யாருமே தட்டலைங்க. அவங்க என்னத்த சாப்பிடுவாங்க?"

அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் பூவரசன் யூனிஃபார்மிலேயே பாலக்கரைக்குப் போய்க் கதவைத் தட்டினார். ஸ்ரீரங்கத்தில் மகாலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டாள். கதவைத் திறந்த கலீலின் மனைவி சுராயா காக்கியைக் கண்டதும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். கலீல் வந்தார். பூவரசன் தொப்பியைக் கழற்றி, தெருவைப் பார்த்துத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "இவர் மேல எந்தக் குத்தமும் இல்லைங்க. தப்பு செஞ்சது நான். நம்பரை மாத்தி எழுதினது நான்தான்." எதிர்வீட்டு லூர்துராணி ஜன்னலோரம் நின்றாள்.

"அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே சார்" என்றார் கலீல். கதவைச் சாத்திக்கொண்டார். பூவரசனுக்கு ஸ்ரீரங்கம் பாலம் தாண்டும்வரை யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகும் பல நாள் சத்தமில்லை. ஒரு மத்தியானம் தயங்கித் தயங்கி ஒரு தட்டல் வந்தது. பழுதான மிக்ஸியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லூர்துராணிதான் அங்கே நின்றாள் என்பது இவர்களுக்குத் தெரியாது. ஆனால் மகாலட்சுமி அழுதாள். அப்புறம் வாரத்துக்கு ஓரிரண்டு, பிறகு தினமும்.

பூவரசனை மணப்பாறைக்கு மாற்றினார்கள். சத்தமும் கூடவே போனது. ரம்ஜான் அன்று ஓயாது. விருந்துக்கு வந்த உறவினர்களுக்கும் சில வருஷத்தில் கேட்கத் தொடங்கிவிட்டது. யாராவது எழுந்தால், "உக்காருங்க, அது பாலக்கரைக்கு வந்தவங்க" என்று சொல்லி மகாலட்சுமி ரசம் ஊற்றுவாள். தட்டல் நின்றால் அங்கே கதவு திறந்தாயிற்று என்று அர்த்தம். அதுவரைக்கும் பூவரசன் தலை குனிந்தபடி, சோற்றில் வைத்த கையை எடுக்காமல் காத்திருப்பார்.