திருவிழாவுக்கு ஓர் ஆள்

சவுரியப்பனைப் பிடித்துவர நாங்கள் ஒரு தடவைகூட ஜீப் அனுப்பியதில்லை. அவன் ஊர் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தேர் என்றால், வெள்ளிக்கிழமை காலையிலேயே பாயைச் சுருட்டிக்கொண்டு ஸ்டேஷன் முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுவான். "கும்புடறேனுங்க ஏட்டய்யா" என்பான் என்னைப் பார்த்து. லாக்கப்பைத் தானே கூட்டிப் பெருக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வான். வந்த சனமெல்லாம் ஊர் திரும்பிய பிறகு செவ்வாய்க்கிழமை அவனை அனுப்பிவைப்போம்.

1971இல் ஒரு கிணற்று மோட்டாரில் இருந்த செப்புக் கம்பியை உருவி விற்றான். ஆறு மாதம் ஜெயில். அதோடு சரி. ஆனால் கேடி லிஸ்டில் ஏறிய பேர் ஏறியதுதான். திருவிழாவில் திருட்டு நடக்காமல் தடுக்க, அந்த ஊர் ஆள் ஒருவனையாவது முன்கூட்டியே உள்ளே வைக்க வேண்டும் என்பது எங்கள் ஸ்டேஷன் வழக்கம். அவன் உள்ளே இருந்த வருஷமெல்லாம் கூட்டத்தில் எவளாவது ஒருத்தியின் சங்கிலி போய்க்கொண்டுதான் இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

1985இல் புதன்கிழமையே வந்து நின்றான். கையில் பாய் இல்லை.

"திங்கக்கெழமை காலையில எட்டு மணிக்கு நம்ம பொண்ணு ராஜமேரிக்குக் கல்யாணமுங்க. சொந்தக்காரங்க திருவிழாவுக்கு எப்படியும் வருவாங்க, மறுநாளே வெச்சுக்கிட்டா இன்னொருக்கா அலைய வேண்டாமுன்னு பாலக்கோட்டு சம்மந்தி தேதி குறிச்சுட்டாருங்க. அவருக்கு என் சங்கதி தெரியாதுங்க. நான் எப்படிங்க வாயத் தொறந்து சொல்றது? இந்த ஒரு வருசம் மட்டும் உட்டுருங்க."

எஸ்.ஐ.யிடம் போய்ச் சொன்னேன். சின்ன வயது. கெட்டவர் இல்லை, மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவர்.

"ஒருத்தனும் உள்ள இல்லாம ஒரு சங்கிலி போச்சுன்னா, தூங்கிட்டா இருந்தீங்கன்னு என்னைக் கேப்பாங்க. அவனை உடணும்னா ஊர்ப் பெரியவங்க அஞ்சு பேரு கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேத்துக்கட்டும். இல்லாட்டி அதே ஊர்ல வேற ஒரு பேரு குடுங்க ஏட்டு."

மறுநாள் அவன் ஊருக்குப் போனேன். அந்த வருஷம்தான் அங்கே பாதுகாப்புக் கமிட்டி என்று ஒன்று தொடங்கி, டார்ச் லைட்டும் விசிலும் கொடுத்திருந்தோம். அதன் தலைவர் மரியசூசை. மாதா கோயில் வாசலில் தோரணம் கட்டுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார்.

"சவுரியா? தங்கமான மனுசங்க. நாங்க வெளியூர் போனா வூட்டுச் சாவியவே அவங்கிட்டத்தான் குடுத்துட்டுப் போறோம்."

"அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். அப்படியே என்னிடம் திருப்பித் தந்தார்.

"நாளைக்கு எதாச்சும் காணாமப் போச்சுன்னா நானில்லீங்களா பதில் சொல்லணும்? சாவி வேற, கையெழுத்து வேறங்க." பிறகு, எனக்கு உதவுகிற மாதிரியே குரலைத் தணித்துக்கொண்டார். "வேணும்னா அந்தப் பச்சியப்பனை எழுதிக்குங்க. செல்லி மருமவன். இங்க குடிவந்து ஆறு மாசந்தான் ஆவுது. எப்படிப்பட்டவனோ, ஆரு கண்டது?"

மற்ற நாலு பேரும் இதையேதான் சொன்னார்கள். கையெழுத்துக்கு வராத கைகளெல்லாம் பச்சியப்பன் வீட்டுப் பக்கம் நீண்டன. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவர்களைத் திட்ட எனக்கு வாய் ஏது? இரண்டு வருஷம் முன்னால், லிஸ்டிலிருந்து யாரை நீக்கலாம் என்று மேலிருந்து கேட்டு வந்தபோது, சவுரியப்பன் பேருக்கு நேராக 'கண்காணிப்புத் தேவை' என்று எழுதியவன் நான்தான். ஒரு ஊரில் ஒரு பேரும் இல்லையென்றால் நாங்கள் வேலையே பார்ப்பதில்லை என்று ஆகிவிடும். அன்றைக்கு அது ஒரு வரி, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் சவுரியப்பன் பாயோடு வந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"பச்சியப்பன் பேரை எழுதினா நீ போலாம். எஸ்.ஐ. ஒத்துக்கிட்டாரு."

அவன் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்ததைப் பார்த்தேன். பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டான். அங்கே நின்று திரும்பினான்.

"இந்த வருசத்துக்கு மட்டும் எழுதுவீங்களாங்க?"

ஏறிய பேர் இறங்காது என்பது அவனை விட யாருக்குத் தெரியும்?

"அவனுக்கும் ஒரு பொட்டப்புள்ளைங்க. இப்பத்தான் தவழுது." திரும்பி வந்தான். "வேண்டாமுங்க. நாளைக்கு அதுக்கும் ஒரு கல்யாணம் வருமில்லீங்க. நானே இருந்துக்கறேன்." துடைப்பத்தை எடுத்து லாக்கப்பைக் கூட்டத் தொடங்கினான்.

சம்மந்திக்கு என்ன சொல்லியிருக்கிறாய் என்று கேட்டேன். "மஞ்சக்காமாலைன்னு தருமபுரி ஆசுபத்திரியில சேத்திருக்குன்னு சொல்லச் சொல்லிட்டேனுங்க" என்றான்.

தேரன்று ஒரு சங்கிலி போயிற்று. எடுத்தது யாரென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு எஸ்.ஐ. கோர்ட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். ஸ்டேஷனில் நான் மட்டும்தான். சவுரியப்பன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சுவரைப் பார்த்து முழங்காலில் இருந்தான். மாதா கோயில் ஏழே மைல்தான். போய்த் தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டு எஸ்.ஐ. திரும்புவதற்குள் வந்துவிடலாம். அவன் என்னைக் கேட்கவில்லை. எனக்குப் பென்ஷனுக்கு மூன்று வருஷம் இருந்தது. பயம், வேறொன்றுமில்லை. எட்டு அடித்தபோதும் லாக்கப் சாவி என் இடுப்பில்தான் இருந்தது.