பொன்னாடை கிடையாது

கையில் பொன்னாடை இல்லாமல் காசிநாதன் வெளியே கிளம்பிக் கூரம் கிராமத்தில் யாரும் பார்த்ததில்லை. கல்யாணமா, காதுகுத்தா, கடை திறப்பா, கபடிப் போட்டியா, மேடை என்று ஒன்று இருந்தால் ஏறிவிடுவார். ஏறினால் யாருக்காவது போர்த்திவிட்டுத்தான் இறங்குவார். கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருப்பவருக்கு இதெல்லாம் பழக்கதோஷம் என்று ஊர் சொல்லும். ஆனால் அவருக்கு அது வெறும் துணியில்லை. வாய்விட்டுச் சொல்ல வராததை அவருக்குப் பதிலாக அது சொல்லிவிடும். ஏரித் தண்ணீர் தகராறில் பக்கத்து நிலத்துக் கலியனோடு வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். அது ஒரு காதுகுத்தில் கலியன் தோளில் பொன்னாடை போட்டதோடு தீர்ந்துபோனது. தப்பு யார்மேல் என்று இருவரும் இன்றுவரை பேசிக்கொள்ளவில்லை.

இன்று அவர் மடியில் இருந்தது வழக்கமான மலிவு ஜரிகைச் சமாச்சாரம் இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்த அரக்கு நிறப் பட்டு. தங்கை பூவம்மாளின் மகள் பிரியதர்ஷினிக்காக.

பிரியா கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மடியில் உட்கார வைத்துக் காது குத்தியதிலிருந்து காலேஜில் சேர்த்தது வரை எல்லாம் மாமன்தான். ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை கிடைத்தது. நல்ல இடத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பத்திரிகையும் அச்சுக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து, "கல்யாணம் வேணாம் மாமா, நான் பெங்களூர் போயி டான்ஸ் கத்துக்கப் போறேன்" என்றாள். பரதமாக இருந்தாலாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். இது சலங்கையும் இல்லாத, அலங்காரமும் இல்லாத நவீன நடனமாம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தலைகுனிந்து நின்றுவிட்டு வந்தவர், தெருவே பார்க்க, "உன்னைத் தலைமுழுகிட்டேன். எனக்கு மருமவ செத்துட்டா" என்று சொல்லிவிட்டார்.

அவளும் ரோஷக்காரி. மாமன் வளர்ப்பு வேறு எப்படி இருக்கும்? அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. சொன்ன மறுநாளே அவருக்கு அந்த வார்த்தை நெஞ்சில் குத்த ஆரம்பித்துவிட்டது. சோற்றில் கை வைக்கும்போதுகூட அது ஞாபகத்துக்கு வரும். ஆனால் போனை எடுத்து 'தப்புமா' என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த நாக்கு புரளவில்லை. மைக் முன்னால் மணிக்கணக்கில் புரளும் அதே நாக்குதான்.

இந்த நிலையில்தான் காஞ்சிபுரத்தில் சர்வதேச நவீன நடன விழா என்று சுவரொட்டி ஒட்டினார்கள். கொரியா, பெல்ஜியம், பிரேசில் முகங்களுக்கு நடுவே பிரியாவின் முகமும் இருந்தது. பஸ் ஸ்டாண்டு சுவரில் அதைப் பார்த்தபோதே காசிநாதன் முடிவு செய்துவிட்டார். ஊர் பார்க்கத் தலைமுழுகியதை, ஊர் பார்க்கவே பொன்னாடை போட்டுச் சரிசெய்துவிட வேண்டும். பேசவே வேண்டியதில்லை.

ஏகாம்பரநாதர் கோபுரம் தெரிகிற ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த சிம்ரன் என்ற காலேஜ் பெண்தான் வருகிறவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பொன்னாடை எப்பம்மா போத்தறது? வரவேற்புரைக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"வரவேற்புரையே இல்ல அங்கிள். பொன்னாடை, மாலை எதுவும் ஸ்டேஜ்ல கிடையாது. டான்ஸ் முடிஞ்சா லைட் ஆஃப் ஆயிடும், அவ்ளோதான்."

"அப்ப சிறப்பு விருந்தினரு?"

"யாரும் இல்ல அங்கிள்."

சிறப்பு விருந்தினர் இல்லாத மேடையை காசிநாதன் இப்போதுதான் பார்க்கிறார். சரி, ஆட்டம் முடிந்து விளக்கு அணைவதற்குள் ஏறிவிட வேண்டியதுதான் என்று கணக்குப் போட்டு, பூவம்மாளை இழுத்துக்கொண்டு முன்வரிசையில் இடம் பிடித்தார். பிரியாவின் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த ஊர்க்காரர்கள் பின்வரிசைகளில் உட்கார்ந்தார்கள்.

முதலில் கொரியாக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி மேடையைக் கடந்தார்கள். கடந்து, திரும்பி வந்தார்கள். "பாட்டு எப்பப் போடுவாங்க?" என்று கேட்டார் காசிநாதன். "போட்டுக்கினுதான் இருக்காங்க. உர்ருன்னு ஒரு சத்தம் வருது பாரு, அதான்" என்றாள் பூவம்மாள். மகளுடைய வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு இதெல்லாம் பழகியிருந்தது.

பிறகு பிரியா வந்தாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெறுங்கால். இளைத்திருந்தாள். ஓடி வந்து விழுந்தாள். எழுந்தாள், மறுபடி ஓடி விழுந்தாள். விழுவதுதான் ஆட்டமே என்று காசிநாதனுக்குப் புரிவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. ஒவ்வொரு முறை பலகையில் உடம்பு மோதும்போதும் அவர் நாற்காலியிலிருந்து எழப்போனார். ஒவ்வொரு முறையும் பூவம்மாள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஆனால் விழுந்தவள் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி எழுந்ததை அவரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இந்தப் பெண்ணுக்கு இது விளையாட்டு இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் வெட்கமாக இருந்தது.

கடைசியில் மல்லாந்து விழுந்தவள் எழவில்லை. சத்தம் நின்றது. விளக்குகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, அவள் தலைமாட்டில் ஒன்று மட்டும் மிஞ்சியது. யாரும் கைதட்டவில்லை. இனி தாமதித்தால் அந்த விளக்கும் அணைந்துவிடும். பூவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து காசிநாதன் எழுந்தார். செருப்பைப் படிக்கட்டில் விட்டுவிட்டு மேடையேறி, மடிப்பை உதறி, பட்டை இரண்டு கைகளாலும் விரித்துக்கொண்டு குனிந்தார்.

குனிந்தபோதுதான் தான் செய்வது என்ன என்று தெரிந்தது.

வெள்ளை உடுப்பில் கால் நீட்டி, கண் மூடிக் கிடக்கிறாள். தலைமாட்டில் ஒற்றை விளக்கு. மேலே புதுத்துணியை விரித்தபடி தாய்மாமன். சாவு வீட்டில் கோடி போடுவது இப்படித்தான். உறவுக்காரர் வீடுகளில் இதே கையால் எத்தனையோ உடம்புகள்மேல் அவர் போட்டிருக்கிறார். கீழேயிருந்து "ஐயோ, வேணாம்ணே" என்று பூவம்மாளின் குரல் கேட்டது. பின்வரிசைகளில் ஊர்க்காரர்கள் எழுந்து நிற்பது தெரிந்தது.

துணியைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவள் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இறங்கிப் போனால் இன்னொரு முறை வருவதற்குத் தைரியம் இருக்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். போர்த்தவும் முடியாது. வாய்தான் மிச்சம்.

"பிரியா, எழுந்திரும்மா" என்றார்.

அவள் அசையவில்லை.

"அன்னிக்கி சொன்னேன் பாரு, எனக்கு மருமவ செத்துட்டான்னு. அது தப்புமா. என் மேலதான் தப்பு. நீ எழுந்திரு."

அவள் கண் திறக்கவில்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது.

"இன்னும் முடியில மாமா. கம்முனு குந்து."

கம்முனு குந்தினார். தான் ஏறிய எந்த மேடையிலும் அவர் அப்படி இருந்ததில்லை. வெளிநாட்டுக்காரர்கள் இந்த வெள்ளை வேட்டிக்காரரும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு என்ன நடக்கிறதென்று தெரியும். அவர்களும் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். அவர் கண் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கியது, ஏறியது.

மெல்ல வெளிச்சம் கூடியது. பிரியாவின் விரல்கள் அசைந்தன. ஒரு முழங்கால் மடிந்தது. பக்கவாட்டில் புரண்டு எழும்போது பலகையில் ஊன்றப்போன கையை எடுத்து, மாமன் தோளில் ஊன்றினாள். ஒத்திகையில் அது இல்லை. முழு பாரத்தையும் அவர்மேல் போட்டுத்தான் எழுந்தாள். அவர் அசையாமல் தாங்கிக்கொண்டார்.

கைதட்டல் எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் குனிந்து, "நாளைக்கி எனக்கு ஷோ இல்ல. வூட்டுக்கு வரட்டா மாமா?" என்று கேட்டாள்.

'வா' என்ற ஒரே எழுத்தைச் சொல்ல அவர் வாயெடுத்தார். அதற்குள் அழுகை வந்துவிட்டது.