உயிரோடிருந்தபோது நிறம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை என் தங்கை ராஜப்ரியாவின் ஆய்வுக் கட்டுரையிலிருந்து எடுத்தேன். அவள் காரைக்குடியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஒன்பது வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். துறை அருங்காட்சியகத்தின் இரும்பு அலமாரியில், பாம்புக் குப்பிகளுக்குப் பின்னால், அவளுக்கு மூன்று கண்ணாடி ஸ்லைடுகள் கிடைத்தன. அவற்றில், முப்பத்தெட்டு வருடம் முன்னால் பிரான்மலையில் பிடித்த பதினொரு அசுவினிகள். அவரைக் கொழுந்தில் கும்பலாக உட்கார்ந்து சாறு உறிஞ்சுமே, அந்தப் பூச்சி வகைதான். ஆனால் இந்த இனத்தை உலகத்தில் யாரும் இதுவரை விவரித்து எழுதவில்லை என்கிறாள்.

விவரித்து எழுதுவது என்றால் கால், வால், உணர்கொம்பு, கொம்பின் மேலுள்ள மயிர் என்று ஒன்று விடாமல் அளந்து எழுதுவது. அதன் நடுவில் ஒரு வரி வந்தது: ‘உயிரோடிருந்தபோது நிறம்: தெரியவில்லை.’

எனக்குப் பொறாமையாக இருந்தது. முப்பது கதை எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூடத் தெரியவில்லை என்று எழுத எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. கதாநாயகி என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்று தெரியாவிட்டால் நானே ஒன்றை எடுத்துக் கட்டிவிட்டுவிடுவேன்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

“பிரான்மலை அடிவாரத்தில் அன்று காலை பனி இன்னும்…” (விட்டுவிட்டேன். அன்றைக்குப் பனி இருந்ததா என்று ராஜி கேட்பாள்.)

“முப்பத்தெட்டு வருடங்களாக அந்தக் கண்ணாடிக்குள் அவள் யாருக்காகக் காத்திருந்தாளோ…” (பூச்சி யாருக்காகவும் காத்திருக்காது. இதுவும் போயிற்று.)

“விராலிச் செடியின் கொழுந்தில் எலுமிச்சை மஞ்சளாகப் பதினொரு பூச்சிகள். ஓர் எறும்பு அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தது.”

இது பிடித்திருந்தது. ஏன் மஞ்சள்? பச்சை இலையில் பச்சைப் பூச்சி வாசகர் கண்ணில் படாது. கறுப்பு என்றால் எறும்போடு குழம்பும். காரணம் அவ்வளவுதான். ராஜியிடம் படித்துக் காட்டினேன்.

“மஞ்சள்னு உனக்கு யாருண்ணே சொன்னா?”

“கதைதானே ராஜி.”

“கதையில என்னமும் எழுதிக்க. என்கிட்ட சொல்லாத. அப்புறம் எனக்குக் கண்ணுல அதுவே நிக்கும்.”

அவள் சொன்னதன் அர்த்தம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. சிரித்துவிட்டு டீ போடப் போனேன்.

3

(இது கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், சிறியதுதான்.)

அசுவினியை ஸ்லைடில் ஏற்றுவதற்கு முன்னால் காரக் கரைசலில் காய்ச்சுவார்கள். சதை கரைந்து தோல் மட்டும் தெளிவாக நிற்கும். கரைகிறபோது நிறமும் போய்விடும்.* அப்படி நின்ற பதினொன்றையும் ராஜி இரண்டு வருடம் அளந்தாள். இதற்கு நெருங்கிய இனம் ஒன்று விராலிச் செடியிலேயே உண்டு. அது வெளிர் பச்சை. அதன் உணர்கொம்பின் கடைசிக் கணுவில் மூன்று மயிர். ராஜியின் பூச்சிக்கு ஆறு. பின்பக்கத்து இரட்டைக் குழல்களும் இதற்கு நீளம்.

ஆய்விதழுக்காகக் கட்டுரையைப் பரிசீலித்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. அசுவினி குளிருக்கு ஒரு அளவாகவும் வெயிலுக்கு ஒரு அளவாகவும் வளரும், இது அந்தப் பச்சை இனத்தின் வேறொரு பருவமாகவே இருக்கலாம் என்று எழுதினார். உயிரோடிருந்தபோது நிறம் வேறு என்று காட்ட முடிந்தால் புதிய இனமாக ஏற்கலாம், இல்லாவிட்டால் முடியாது.

இரண்டு தை மாதம் ராஜி பிரான்மலைக்குப் போய் விராலி விராலியாகப் புரட்டினாள். எறும்புதான் கிடைத்தது. கல்லூரியில் நிரந்தர இடத்துக்கு நேர்காணல் வருகிறது. கையில் இந்தக் கட்டுரை இல்லாமல் போனால் அவளுக்குப் பத்தாவது வருடமும் தற்காலிகம்தான்.

* சதை கரைந்த பிறகு வயிற்றுக்குள் பிறக்காத குஞ்சுகள் தெரியும். ராஜி ஒரு தடவை காட்டினாள். தாய்க்குள் நாலு குஞ்சு, ஒவ்வொன்றுக்கும் கண் மட்டும் சிவப்பாக. இதை வைத்துப் பெரிதாக ஏதோ எழுத நினைத்தேன். எழுத வரவில்லை.

4

ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டிய காகிதத்தில் இருந்தது: பிரான்மலை, விராலி, 23.1.1986, சே.பெ. அந்த சே.பெ., அன்றைக்குத் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்த சேவுகப்பெருமாள். வயது எழுபத்தொன்பது. சிங்கம்புணரியில் மகள் சிட்டாள் வீட்டில் இருக்கிறார். பூச்சிக்கு ராஜி அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறாள்.

இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் பிரதியில் இப்படி எழுதினேன்: “பெரியவருக்கு ஞாபகம் மங்கிக்கொண்டிருந்தது. மகள் பெயரையே இரண்டு தடவை மாற்றிக் கூப்பிட்டார்…”

அடித்துவிட்டேன். அது பொய். என் பாரத்தைக் குறைத்துக்கொள்ள அவர் தலையில் வைத்த மறதி. உண்மையில் அவருக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. போன பஸ், அன்றைக்குக் கட்டிக்கொண்டு போன புளிச்சாதம், முட்டிவலியால் கீழேயே உட்கார்ந்துவிட்ட பேராசிரியர், ஒன்றையும் விடவில்லை. அப்படியானால் நிறமும் ஞாபகம் இருந்திருக்கும். அதனால்தான் இந்த இடத்தை நாலு தடவை அடித்து எழுதினேன்.

5

எழுத்து என் பொழுதுபோக்கு. சோறு போடுவது வேறு வேலை. வாகன விபத்துகளைப் பார்த்து அறிக்கை கொடுக்கும் இன்சூரன்ஸ் சர்வேயர் நான். சாட்சியிடம் ‘வண்டி என்ன கலரு’ என்று கேட்க வேண்டும், ‘சிவப்பு வண்டியா’ என்று கேட்கக்கூடாது. புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இது. இந்தத் தகவலைக் கதைக்குள் கொண்டுவராமல் விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

சிங்கம்புணரிக்கு நான்தான் கார் ஓட்டிப் போனேன். வழியெல்லாம் ராஜி சொல்லிக்கொண்டே வந்தாள்.

“நீ வாயத் தொறக்கக் கூடாதுண்ணே. கலர்ங்கிற வார்த்தையே வரக் கூடாது. அவரா கை வைக்கணும்.”

பெயிண்ட் கடையில் வாங்கிய நிற அட்டையைக் கொண்டுவந்திருந்தாள். பச்சையிலிருந்து கறுப்பு வரைக்கும் அறுபது கட்டம்.

சேவுகப்பெருமாள் வாசலுக்கே வந்துவிட்டார். “வாங்க, வாங்க. காரைக்குடியிலருந்தா வாரீக? உக்காருங்க. பேராசிரியருக்கு ஏற முடியலம்மா, நாந்தேன் மேல போனேன். விராலி அன்னைக்கு இடுப்பு ஒசரம் நின்டுச்சு.”

சிட்டாள் காபி கொண்டுவந்தாள். அரை மணி நேரம் அவர் பேச்சு நிற்கவில்லை. பிறகுதான் ராஜி பையைத் துழாவிப் பார்த்தாள். அட்டை காரிலேயே இருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணால் ஒரு எச்சரிக்கை வைத்துவிட்டு எடுக்கப் போனாள்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி கதையெல்லாம் எழுதுவீகளாம்ல. போன்ல பாப்பா சொல்லுச்சு.”

“ஏதோ கொஞ்சம் எழுதுறேங்கய்யா.”

“இப்ப என்ன எழுதுறீக?”

“உங்களப் பத்தித்தான்.”

அவர் முகம் மலர்ந்தது. “என்னையவா? அப்படி என்னத்த எழுதியிருக்கீக? சொல்லுங்க கேப்போம்.”

(இங்கே ஒரு வாக்கியம் இருந்தது: “என்னை மீறி வார்த்தை வந்துவிட்டது.” அடித்துவிட்டேன். என்னை மீறியெல்லாம் வரவில்லை. என் கதையை ஒருவர் ஆசையாகக் கேட்கிறார், சொல்லத் தோன்றியது, சொன்னேன்.)

“நீங்க மலையில குனிஞ்சு பாக்குறீக. விராலிக் கொழுந்துல எலுமிச்சம்பழ மஞ்சள்ல பூச்சி. எறும்பு ஒன்னு சுத்திச் சுத்தி வருது.”

“ம்.” கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “நல்லாத்தேன் இருக்கு.”

ராஜி வந்தாள். அலைபேசியில் பதிவைப் போட்டாள். அட்டையை விரித்து அவர் மடியில் வைத்தாள். “ஐயா, அந்தப் பூச்சி செடியில இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு இதுல தொட்டுக் காட்டுறீகளா? மறந்திருந்தா மறந்துருச்சுன்னு சொல்லுங்க, ஒன்னும் தப்பில்ல.”

அவர் தேடவே இல்லை. விரல் நேராகப் போய் நின்றது. “இதுதேன். எலுமிச்சம்பழக் கலரு.”

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் முன்னால் அவர் மஞ்சளைத்தான் பார்த்தாரா, பத்து நிமிடம் முன்னால் என் வாயிலிருந்து கேட்டாரா என்பது இனி அவருக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நான் அடைத்துவிட்டேன்.

ராஜியின் கண் நிறைந்துவிட்டது. நான் குருட்டாம்போக்கில் எழுதிய மஞ்சளே சரியாகிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்பது வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. திரும்பும்போது திருப்பத்தூரில் வண்டியை நிறுத்தச் சொல்லி எனக்கு வடை வாங்கிக் கொடுத்தாள்.

6

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அந்த வரி இப்போது, ‘உயிரோடிருந்தபோது நிறம்: எலுமிச்சை மஞ்சள் (சேகரித்தவரின் வாய்மொழி).’ நன்றி சொல்லும் பத்தியில், பேட்டியின்போது உடனிருந்து உதவியதற்காக என் பெயரும் இருக்கிறது. தன் பெயரில் ஒரு பூச்சி இருக்கிறது என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டதாக சிட்டாள் போன் செய்தாள்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) அடுத்த தை மாதம் ராஜி உயிருள்ள பூச்சியைக் கண்டுபிடிக்கிறாள். மஞ்சள். எல்லோரும் நலம். (எழுதும்போதே கூசியது.)

(ஆ) கண்டுபிடிக்கிறாள். பச்சை.

(இ) நான் வாயைத் திறக்கவே இல்லை. இருபது வருடம் கழித்து யாரோ ஒருவர் அந்த மலையில் பச்சைப் பூச்சியைப் பார்த்து, ராஜப்ரியா கவனமில்லாத ஆய்வாளர் என்று எழுதுகிறார். ஏச்சு அவளுக்கு. எனக்கு நன்றி.

மூன்றையும் வைத்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தேன். பிறகு முதல் ஐந்து பகுதிகளை அச்செடுத்தேன்.

ராஜி இப்போது என் எதிரில் இருக்கிறாள். கட்டுரையின் மெய்ப்பை நாளை மதியத்துக்குள் அவள் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வரியை அடித்தால் கட்டுரை நிற்குமா என்பது சந்தேகம். மெய்ப்போடுதான் வந்தாள். நான் அந்தத் தாள்களை நீட்டினேன்.

“இப்பவாண்ணே? வேலை கெடக்கு.”

“அத அனுப்புறதுக்கு முன்னாடி இதப் படிச்சிரு.”

சிவப்புப் பேனாவோடு படிக்க ஆரம்பித்தாள். சேலை வரியில் சிரித்தாள். மூன்றாம் பகுதியில், “மயிர் ஆறு இல்லண்ணே, ஏழு” என்று திருத்தினாள் (மேலே நான் மாற்றவில்லை). நாலாம் பகுதியின் கடைசியில், “நாலு தடவை அடிச்சியா? ஏன்?” என்றாள். நான் கணினியில் தட்டிக்கொண்டே இருந்தேன்.

இப்போது ஐந்தாம் பகுதியில் இருக்கிறாள். காரிலிருந்து அட்டையை எடுக்கப் போகும் இடத்தைத் தாண்டியிருப்பாள். பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டாள்.

நீங்கள் அந்தப் பக்கத்தை முன்பே படித்துவிட்டீர்கள். அவள் இப்போதுதான் படிக்கிறாள். அந்த வரியை அவள் அடிப்பாளா, விடுவாளா, நாளைக்கு என்னை அண்ணே என்று கூப்பிடுவாளா என்பதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். நான் இனிமேல் எழுதினால் அவள் முகத்தைப் பார்க்காமலிருப்பதற்காகத்தான் எழுதுவேன். கணினியை மூடுகிறேன்.

அவள் இன்னும் தலை தூக்கவில்லை.